பூஜையில் வைத்த பூட்டு

ஒரு சிறிய ஊரின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு ஃபயர்வால் இருந்தது. சர்வர் அறைக் கதவில் தொங்கும் பூட்டு சொன்ன ஒரு கதையைப் பல வருடங்களாகத் தான் நம்பவில்லை என்பதை அது யாரிடமும் மறைத்ததில்லை. "பூட்டண்ணன் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனாலும் நான் இருக்கும்போது அப்படி நடந்திருக்குமா?" என்று தன்னையே கேட்டுக்கொள்ளும்.

அதன் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. வெளியுலகத்திலிருந்து கூடத்துக்குள் வருவது ஒரே ஒரு ஒயர். அந்த ஒயரின் வாசலில் ஃபயர்வால் காவல் இருந்தது. ஊர் பேர் தெரியாதவர்கள் ஒரு நாளைக்கு நூறு பேர் தட்டுவார்கள். நூறு பேரையும் திருப்பி அனுப்பிவிடும். அதே அறையில் அதற்குப் பின்னால் சர்வர். சர்வரின் வயிற்றில் ஒரு ஹார்டு டிஸ்க். ஊர்க்காரர்கள் யாருக்குக் காசநோய், எந்தப் பெண் வீட்டுக்குத் தெரியாமல் கர்ப்பச் சோதனை செய்துகொண்டாள் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. வெளியே போனால் எத்தனையோ குடும்பம் உடையும்.

அன்று ஆயுத பூஜை. மேலாளர் தில்லைநாயகம் நடைக்கூடத்தில் வாழையிலை விரித்து மைக்ராஸ்கோப்பை வைத்தார், கத்தரிக்கோலை வைத்தார். பிறகு சர்வர் அறைக் கதவிலிருந்த பூட்டையும் கழற்றினார்.

"அத ஏன் சார் கழட்டுறீங்க?" என்றார் அமலோற்பவம். கூடத்தைப் பெருக்கித் துடைப்பவர் அவர்.

"அதுவும் ஆயுதம்தானம்மா. வருஷம் பூரா தொங்குது. ஒரு நாள் உக்காரட்டுமே."

"அப்ப கதவு?"

"சாத்தித்தான இருக்கு? பூஜையில வச்சத விஜயதசமி காலையிலதான் தொடணும். உங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

"நான் மாதா கோயிலுக்குப் போற வேதக்காரிதான் சார். ஆனா பொறந்து வளர்ந்ததெல்லாம் இந்த ஊருதான்," என்று சிரித்துக்கொண்டே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார் அமலோற்பவம்.

பூட்டுக்குச் சந்தனம் வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள், துண்டுச் சாமந்திச் சரமும் சுற்றினார்கள். பிறந்ததிலிருந்து அதற்கு அப்படி ஒரு மரியாதை நடந்ததில்லை. சர்வரை நிறுத்தினால் திரும்ப எழுப்புவது பெரும்பாடு என்பதால் அதற்கு மட்டும் ஓடுகிற நிலையிலேயே ஒரு பொட்டு வைத்தார்கள். தெருவில் போகிறவர்களும் உள்ளே வந்து பொரி வாங்கிக்கொண்டு போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் சர்வர் நெளிந்தது.

"அண்ணே, யாரோ என் விலாவுல கை வைக்கிறாங்க."

"ஒயர்ல ஒரு ஈ காக்கா வரல," என்றது ஃபயர்வால். "பூஜைக்கு வந்தவங்க இன்னொரு பொட்டு வைப்பாங்க. பேசாம இரு."

"பொட்டு வைக்க எதுக்கண்ணே திருகாணியக் கழட்டணும்?"

"என்னத் தாண்டி யாரும் வரலங்கிறேன்ல?"

பாஸ்வேர்டும் கூடச் சேர்ந்துகொண்டது. "எங்கிட்டயும் யாரும் வந்து நிக்கல. என்னைக் கேக்காம எவன் உள்ள நுழைய முடியும்?"

சர்வர் கண் மூடியது.

இதற்கு மேல் நடந்ததெல்லாம் பூட்டு சொன்னது. அதைத்தான் ஃபயர்வால் நம்பவில்லை.

சர்வர் அறையிலிருந்து ஒருவன் பொரிப் பையோடு வெளியே வந்தானாம். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி. கீழே சிந்திய பொரியைப் பெருக்கிக்கொண்டிருந்த அமலோற்பவம் நிமிர்ந்து பார்த்தாராம்.

"யாரு தம்பி நீங்க?"

"சர்வீஸ் இன்ஜினியர்ம்மா."

"மவராசனா இருங்க. ஆமா, சட்டைப் பையில என்ன, ஸ்க்ரூ டிரைவரா?"

"ஆமாம்மா. நம்ம பொழப்பே அதானே."

"பொழப்பே அதுன்னா இன்னைக்கு அத பூஜையில வைக்கலையா தம்பி? பஞ்சர் ஒட்டுறவன்கூட இன்னைக்குப் பம்பைத் தொட மாட்டானே."

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "சார், இங்க கொஞ்சம் வாங்க!" என்று அமலோற்பவம் குரல் கொடுத்ததும் பையைப் போட்டுவிட்டு ஓடினான். தில்லைநாயகம் பொரிக்குள் கைவிட்டுத் துழாவினார். ஹார்டு டிஸ்க் அகப்பட்டது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணி குடிங்க சார்," என்றார் அமலோற்பவம். "அதான் கெடச்சிருச்சுல்ல."

ஹார்டு டிஸ்க் பழைய இடத்துக்குத் திரும்பியது. சர்வர் கண் விழித்தது. ஊரில் யார் வீட்டு ரகசியமும் வெளியே போகவில்லை. அடுத்த வருடத்திலிருந்து பூட்டுக்கு அது தொங்கிய இடத்திலேயே சூடம் காட்டினார்கள். அதற்கு அதுவும் பிடித்துத்தான் இருந்தது. முதல் பொரிப் பொட்டலம் அமலோற்பவத்துக்குப் போனது.

எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். ஃபயர்வாலும் ஏறக்குறைய நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நாளில் ஒயரில் வந்தவர்களின் பட்டியலை மட்டும் அது திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்க்கும். அந்த ஆள் அதில் எங்கேயும் இல்லை. பட்டியலில் இல்லாதவன் எப்படி வந்திருப்பான்? பூட்டின் கதை பொய்யாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறொன்று உண்மையாக இருக்க வேண்டும். அந்த வேறொன்றின் பக்கம் போகத்தான் அதற்கு இத்தனை வருடம் பிடித்தது.

ஒரு நாள் மெல்லக் கூப்பிட்டது.

"பூட்டண்ணே."

"சொல்லு தம்பி."

"அன்னைக்கு நீங்க வாழையிலையில இருந்தீங்க. கதவு திறந்து கிடந்தது. உள்ளே இருந்த நானும் உங்க கண்ணுல பட்டிருப்பேன். டிஸ்க்கைத் தூக்கிக்கிட்டு அவன் வெளியே வந்தானே, அப்ப நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்?"