மேடை அப்பா

தாளாளர் வேலாயுதசாமிக்கு விழா என்றால் கொள்ளை ஆசை. அவருடைய நர்சிங் கல்லூரியில் ஏழைப் பெண்களுக்கு இலவசப் படிப்பு. அதற்காக, எந்த விழா நடந்தாலும் வாசலில் பன்னீர் தெளிப்பது அந்தப் பெண்கள்தான். மைக்கைப் பிடித்தால் போதும், "இந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் நான்தான் அப்பா!" என்பார்.

ஊசி போடப் படிக்க வந்த மாரிக்கனிக்குப் பன்னீர்ச் சொம்பு பிடித்தே கை மரத்துப்போனது. வார்டு டியூட்டிக்குப் போகாத நாட்களும் ஏறிப்போயின.

கடைசி வருஷத்தில் பிரின்சிபால் அம்மா குண்டைத் தூக்கிப் போட்டார். "டியூட்டி நாள் குறையுது. நாளைக்கு உங்க அப்பா நேர்ல வரணும். இல்லேன்னா பரீட்சை கிடையாது. தாளாளர் போட்ட ரூல்."

அப்பா நாக்பூரில் முறுக்குக் கம்பெனியில் வேலை செய்கிறார். ஒரே நாளில் பறந்தா வருவார்? "எந்தச் சுவத்துல போய் முட்டிக்கிறது!" என்று பொருமியவள், விடிந்ததும் தாளாளர் வீட்டுக்கே போய்விட்டாள். கூடத்தில் ஊர்ப் பெரிய மனிதர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, கிளம்புங்க. பிரின்சிபால் கூப்பிடுறாங்க."

"யாருக்கும்மா யாரு அப்பா?"

"மேடையில நீங்கதானே சொன்னீங்க? இவங்கதானே கைதட்டினாங்க?"

அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியுமா? போனார். பிரின்சிபால் அம்மா பதறி எழுந்தார். ஆனாலும் பழக்கதோஷம், கேட்டுவிட்டார்: "உங்க பொண்ணு ஏன் சார் டியூட்டிக்கு வரல?"



"சொல்லுங்கப்பா" என்றாள் மாரிக்கனி.

விட்டுப்போன டியூட்டியை முடித்து அவள் பரீட்சை எழுதினாள். அடுத்த விழாவில் மைக்கைப் பிடித்த தாளாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் நான்... ஒரு தூரத்துச் சொந்தம்."