கொம்பையா போட்ட கிளிக்

இந்தக் கதையில் ஓர் இடம் வரும். அங்கே நீங்கள் சிரிக்கிற சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன விசேஷம்?" என்று கேட்பார். பதில் சொல்ல முடியாமல் இன்னும் கொஞ்சம் சிரிப்பீர்கள். ஆனால் அந்த இடம் இது இல்லை. அடுத்த பத்தியும் இல்லை. அதற்கு முன்னால் ஒரு கேமராவைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதை வாங்கியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீர் குடிக்கிறதென்றால் இப்போதே போய்க் குடித்துவிட்டு வாருங்கள்.

குடித்தாயிற்றா? சரி.

தென்காசிப் பக்கம் சூரியகாந்தி பூக்கிற ஊர் ஒன்று. பூக்கிற மாதத்தில் அங்கே ஆட்களைவிடக் கேமராக்கள் அதிகம். வெளியூர்க்காரர்கள் வந்து வந்து படமெடுப்பதைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் மூன்று பேருக்கு ஆசை பிடித்துக்கொண்டது. பாத்திரக்கடை ஆவுடையப்பன், உரக்கடை நல்லபெருமாள், பஞ்சாயத்து ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற தீத்தாரப்பன். மூவரும் படமெடுக்கிற சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினார்கள். உள்ளங்கையில் உட்காருகிற குட்டிக் கேமரா. அதன் முன்னால் குழிப்பணியாரம் மாதிரி ஒரு குட்டி லென்ஸ். ஆவுடையப்பன் அதை ஒரு தூக்குச்சட்டிக்குள் பட்டுத்துணி விரித்துப் படுக்க வைத்து, எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போனார்.

விற்ற கடைக்காரர் நல்ல மனிதர். "இந்த லென்ஸில் ஜூம் கிடையாது அண்ணாச்சி, காலாலதான் ஜூம் பண்ணிக்கிடணும்" என்று சொல்லி அனுப்பினார். கிட்டே பார்க்க வேண்டுமானால் நடந்து கிட்டே போ என்று அர்த்தம். மூவரும் வீட்டுக்கு வந்ததும் ஆவுடையப்பன் காலைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பாயில் மல்லாந்து படுத்தார். நல்லபெருமாள் கேமராவைப் பிடித்துக்கொள்ள, இவர் பெருவிரலால் லென்ஸின் வளையத்தைத் திருகினார்.

"கிட்ட வருதாவே?"

"வரல."

"இடது காலால பாக்கட்டுமா?"

"பாரும். உமக்கு எழுத்துக்கூட இடது கைதானே."

இடது காலிலும் வரவில்லை. லென்ஸுக்குக் கால் பழகவில்லை, நாள்பட நாள்பட வரும் என்று தீத்தாரப்பன் தேற்றினார்.

(இன்னும் வரவில்லை, அந்த இடம். பொறுங்கள்.)

இப்போது கொம்பையா. மைக் செட் கடையில் வேலை. எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அது அவன் தொண்டைக்குள் குடிவந்துவிடும். தாசில்தார் இருமல், டவுன் பஸ் ஹாரன், ஈயம் பூசுகிறவர் கூவல் எல்லாம் அத்துப்படி. அவனுக்குச் சேட்டை செய்யாத நாள் சோறு இறங்காது. ஒருநாள் பாத்திரக்கடைக்கு வந்தவன், "குடுங்க அண்ணாச்சி, பாத்துட்டுத் தாரேன்" என்று கேமராவை வாங்கி, மெனுவுக்குள் புகுந்து, சத்தமில்லாமல் படமெடுக்கிற ஏற்பாட்டைப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போலத் திருப்பிக் கொடுத்தான்.

மறுநாள் ஆடிப்பெருக்கு. ஆவுடையப்பன் ஒரு பூசணிக்காய்க்கு நேரே கேமராவைப் பிடித்துப் பட்டனை அமுக்கினார். சத்தம் இல்லை. இன்னொரு தடவை அமுக்கினார். இல்லை. உடனே கூட்டம் கூடிற்று.

"ஜலதோஷமா இருக்குமோ? பனியில வச்சீரா?" என்றார் நல்லபெருமாள்.

"தூக்குச்சட்டியிலதான் வச்சேன்."

"மூடி போட்டா?"

"மூடி போட்டுத்தான்."

"அப்ப மூச்சு முட்டியிருக்கும்."

தீத்தாரப்பன் கண்ணை மூடி யோசித்தார். "சத்தம் வராட்டா என்ன, படம் விழுந்திருக்கும்னு நினைக்கப்படாது. பஞ்சாயத்துல தீர்மானம் போட்டா மேசையத் தட்டணும். தட்டலேன்னா தீர்மானம் செல்லாது. அதே சட்டந்தான் இதுக்கும்."

இந்த நேரம் பார்த்து வாசலில் நின்ற கொம்பையா நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, பல்லிடுக்கில் காற்றை விட்டு, "கிளிச்சக்!" என்றான். அசல் கேமரா. மூவரும் தூக்குச்சட்டியைப் பார்த்தார்கள். பிறகு அவனைப் பார்த்தார்கள்.

"ஏ கொம்பையா, இன்னொருக்கப் போடு."

"கிளிச்சக்!"

"வே, இது பழைய சத்தத்தவிட நல்லால்லா இருக்கு!"

அன்று முதல் கொம்பையாதான் சத்தம். சங்கத்தார் படமெடுக்கப் போகிற இடமெல்லாம் அவனும் போனான். கோயில் கொடையா, முதல் பந்தியில் அவனுக்கு இலை. அணைக்கட்டா, போகிற வழியில் அவனுக்கு வடை. தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று நல்லபெருமாள் பனங்கற்கண்டு வேறு வாங்கிக் கொடுத்தார். படமெடுக்கையில் மூச்சை அடக்க வேண்டும் என்று எங்கேயோ கேட்டிருந்ததால், எதிரே நிற்கிறவர், வேடிக்கை பார்க்கிறவர் எல்லாரையும் மூச்சை அடக்கச் சொல்லியிருந்தார் ஆவுடையப்பன். கொம்பையா வேண்டுமென்றே கிளிக்கைத் தள்ளிப் போடுவான். நல்லபெருமாள் முகம் தக்காளியாகி, கத்திரிக்காயாகி, கண் செருகப் போகிற நேரத்தில், "கிளிச்சக்!"

"ஆச்சு!" என்பார் ஆவுடையப்பன் கம்பீரமாக.

எடுத்த படத்தை யாரும் பார்க்கவில்லை. பின்னால் இருக்கிற திரையை உட்புறமாகத் திருப்பி மூடிவைத்திருந்தார் ஆவுடையப்பன். அந்தக் காலத்தில் ஃபிலிம் ரோல் முடிவதற்குள் கேமராவைத் திறந்து ஒரு சித்தப்பா கல்யாணத்தையே அழித்த குடும்பம் அவருடையது. "முழுசா எடுத்து முடியாம திறக்கப்படாது. வெளிச்சம் பட்டா அம்புட்டும் போயிரும்." கொம்பையா இதைக் கேட்டு முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் தலையாட்டிவிட்டு, மைக் செட் கடைக்குப் போய் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் உருண்டு உருண்டு சிரித்தான்.

அவன் சிரிக்கட்டும். உங்கள் முறை இனிமேல்தான்.

கொம்பையாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். காரணம் ஸ்டூடியோக்காரர். அவர் கொம்பையாவின் படத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுப்பார். படத்தைப் பார்த்துச் சம்மதித்த வீடுகள், நேரில் இவன் போய் உட்கார்ந்ததும், "மாப்பிள்ளை எப்போ வருவாரு?" என்று கேட்டன. அவனுடைய அக்கா வெறுத்துப்போய், சங்கரன்கோவில் சம்பந்தம்தான் கடைசி, இதுவும் தட்டிப் போனால் நீயே மைக் போட்டுப் பெண் தேடிக்கொள் என்று சொல்லிவிட்டாள்.

சங்கரன்கோவில் பெண் பூங்கோதை குளம் குளமாகப் போய் நாமக்கோழியையும் நாரையையும் படமெடுக்கிறவள். அவள் தரகரிடம் கறாராகச் சொல்லியனுப்பினாள்: "ஸ்டூடியோ படமும் வேண்டாம், போன் படமும் வேண்டாம். போன் அதுவாவே பவுடர் பூசிருது. நல்ல லென்ஸ் போட்ட கேமராவுல எடுத்து, அந்தக் கேமராவோடயே கொண்டாரச் சொல்லுங்க. அதுல பிடிச்சாத்தான் மேற்கொண்டு பேச்சு."

ஊரில் அப்படி இருந்த ஒரே கேமரா தூக்குச்சட்டிக்குள் படுத்திருந்தது.

சத்தத்தைத் திரும்ப வைத்துவிடலாமா என்று கொம்பையா ஒரு நிமிஷம் யோசித்தான். வடையை நினைத்தான். சத்தம் இல்லாவிட்டாலும் படம் அழகாகத்தானே விழும், இவர்களுக்குத்தான் தெரியாது, நமக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டான்.

சூரியகாந்தித் தோட்டத்தில் அவனை நிறுத்தினார்கள். பின்னணி மங்கலாக இருந்தால்தான் முகம் எடுப்பாகத் தெரியும் என்று கொம்பையா வாயை விட்டுவிட்டான். தீத்தாரப்பன் வீட்டுக்கு ஓடிப் போய்க் கொசுவலையை அவிழ்த்துக்கொண்டு வந்து அவன் முதுகுக்குப் பின்னால் விரித்துப் பிடித்தார்.

"மங்கிட்டாவே?"

"பூ நல்லா மங்கிட்டு. உம்ம தலைதான் மங்கல. வலைக்கு மேல தெரியுது."

"அப்ப நான் உள்ள போயிருதேன்."

தீத்தாரப்பன் வலைக்குள் போனார். ஆவுடையப்பன் கேமராவைக் கண்ணில் வைத்து, "கொம்பையா, சிரி" என்றார். சிரித்தான். "சிரிச்சுக்கிட்டே சத்தம் போடு" என்றார். அதுதான் கஷ்டமாக இருந்தது. சிரித்தால் கிளிக் வரவில்லை, கிளிக் வந்தால் உதடு கோணிற்று. உச்சி வெயிலில் நின்று பழகி, கடைசியில் மன்மதன் மாதிரி சிரித்துக்கொண்டே, "கிளிச்சக்!"

"ஆச்சு!"

நிற்க, உட்கார, கன்னத்தில் கைவைக்க, தூரத்தைப் பார்க்க என்று விதவிதமாக எடுத்துத் தள்ளினார்கள். கொம்பையாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆனாலும் மனசு நிறைந்திருந்தது.

ஆவணி பிறந்து ஒரு நல்ல நாளில் சங்கரன்கோவிலுக்குப் போனார்கள். அக்கா, கொம்பையா, பின்னால் தூக்குச்சட்டியோடு சங்கத்தார் மூவர். பலகாரமாக்கும் என்று பெண்ணின் அப்பா சட்டியை வாங்கி அடுக்களைக்குக் கொடுத்துவிட, அதை மீட்பதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பூங்கோதை கேமராவைக் கையில் எடுத்ததும் முகம் மலர்ந்தாள். "ஐயோ, இந்தக் குட்டி லென்ஸா! நானும் வாங்கணும்னு இருந்தேன். சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போயிரலாம்லா." கொம்பையா நிமிர்ந்து உட்கார்ந்தான். காரியம் பழுத்துவிட்டது. அவள் பின்பக்கத் திரையைத் திருப்பித் திறந்தாள்.

"அடைங்க! சன்னல அடைங்க!" என்று அலறினார் ஆவுடையப்பன். தீத்தாரப்பன் சன்னலுக்கு ஓடினார். நல்லபெருமாள் கட்டிலில் கிடந்த போர்வையை உருவி, பெண்ணையும் கேமராவையும் சேர்த்து மூடினார்.

"என்ன அண்ணாச்சி இது?" என்றார் பெண்ணின் அப்பா.

"பதறாதீங்க. பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. படத்துக்குத்தான் ஆபத்து."

போர்வைக்குள் அவள் படம் படமாகத் தள்ளிப் பார்த்தாள். பிறகு குரல் வந்தது. "அண்ணாச்சி, இதுல மாப்பிள்ள படம் இல்லியே. கடைசியா ஒரு பூசணிக்கா இருக்கு. ஆடிப்பெருக்கு அன்னைக்கு எடுத்தது. அதுக்குப் பெறவு ஒண்ணுமே இல்ல."

"நல்லாப் பாரும்மா" என்றாள் அக்கா. "பூசணிக்கா மாதிரி இருந்தா அதுதான் இவன்."

"இல்ல மைனி, காம்பு இருக்கு."

கொம்பையா ஆவுடையப்பன் பக்கம் திரும்பினான். "அண்ணாச்சி, தோட்டத்துல அத்தன எடுத்தமே?"

"எடுத்தோம். யாரு இல்லேன்னா?"

போர்வை கேட்டது: "ஷட்டர் பட்டன யாரு அமுக்கினது?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பட்டனா?" என்றார் ஆவுடையப்பன். "அத அமுக்கித்தான் சத்தம் வரலியே. சத்தம் பூராவும் கொம்பையா வாயில இருந்துல்லா வந்துச்சு. பெறவு நான் எதுக்கு அத அமுக்கணும்? நான் பிடிச்சுக்கிட்டு நின்னேன், அவன் எடுத்தான்."

"ஒரு தடவகூடவா அமுக்கல?" என்றான் கொம்பையா. குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"உன் வேலையில நான் தலையிடுவேனாலே?"

போர்வை மெதுவாகக் குலுங்க ஆரம்பித்தது. பிறகு பலமாகக் குலுங்கிற்று. உள்ளே அழுகிறாளோ என்று அப்பா குனிந்து பார்த்தார். அழவில்லை. "அப்பா, இந்த மாப்பிள்ளையவே பேசி முடிங்க. எனக்கு ஆயுசு பூரா சிரிக்கணும்" என்றாள் மூச்சு வாங்க.

நல்லபெருமாள் இது எதையும் கேட்கவில்லை. கணக்காக யோசித்துக்கொண்டிருந்தார். "அப்ப நாம எடுத்த படம் அம்புட்டும் இவன் வாய்க்குள்ளயா இருக்கு?"

"வேற எங்க போவும்?" என்றார் தீத்தாரப்பன்.

கொம்பையா கிளிக் கிளிக்காகத் திரும்பிப் பார்த்தான். தான் நிறுத்திய சத்தம், தின்ற வடை, வெயிலில் சிரித்த சிரிப்பு. ஆடிப்பெருக்கில் இருந்து இத்தனை நாளும் யார் யாரை ஏமாற்றிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் அவன் மண்டைக்குள் முழுசாக இறங்கியது. அப்படியே வாயைப் பிளந்தான்.

ஆவுடையப்பன் ஒரே பாய்ச்சலில் வந்து அந்த வாயைப் பொத்தினார்.

"மூடுலே! வெளிச்சம் பட்டுரும்!"