அசை போட்ட வாயைக் கட்டின மந்திரி

ஒரே ஒரு ஊராம். அந்த ஊரிலே நூறு பசுமாடு, மாட்டை மேய்க்க ஒரு காத்தாயி, ஊரை ஆள ஒரு ராசா, அந்த ராசாவைக் கெடுக்கிறதுக்கென்றே ஒரு மந்திரி. மந்திரி பேரு நுண்மதியன். பேரைக் கேட்டீங்களா! அப்பன் ஆத்தா ஆசையா வைச்சிருப்பாங்க. பின்னாலே நடக்கப்போறது அவங்களுக்கு என்ன தெரியும், பாவம்.

காத்தாயி விடிஞ்சதும் மாட்டை ஆத்தோரம் ஓட்டிக்கிட்டுப் போவாளாம். மாடு நாலு எட்டு நடக்கும், ஒரு வாய் கடிக்கும். பிடிச்ச நுனியைத் தின்னும், பிடிக்காததை மோந்து பார்த்துட்டு விட்டுடும். வயிறு நிறைஞ்சா மர நிழல்ல படுத்து, முழுங்கினதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அசை போடும். வெயில் தாழ்ந்ததும் இன்னொரு சுற்று மேய்ஞ்சுட்டு வீட்டுக்கு வந்து குடம் குடமாப் பால் கறக்கும். அதிலே செவலைன்னு ஒரு பசு. ஆத்தா செத்துப்போன கன்னு அது. காத்தாயிதான் துணியைப் பாலிலே நனைச்சு ஊட்டி வளர்த்தா.

ஒரு நாள் மந்திரி பல்லக்கிலே போறப்போ இதைப் பார்த்துட்டு நேரே ராசாகிட்டே போனானாம்.

"மகாராசா, இந்த மாடுங்க நடந்து நடந்தே பாதிப் பாலைத் தொலைக்குது. கொட்டிலிலே கட்டிப்போட்டு, புல்லை அறுத்து முன்னாலே கொட்டினா ரெண்டு பங்கு கறக்கும்."

"கறக்காட்டி?"

"கறக்காததை அடிமாட்டுக்கு அனுப்பிடலாம்."

ராசா தலையை ஆட்டினார். வேற என்ன தெரியும் அவருக்கு?

சேதி தெரிஞ்சதும் காத்தாயி மந்திரிகிட்டே ஓடினா. "சாமி, கொட்டில்ல போட்டாலும் மாடு திங்கும். ஆனா அப்பப்ப அறுத்துக் கொஞ்சங் கொஞ்சமாப் போடணும். தின்னதும் அசை போட விடணும்" என்றா.

"எனக்கே சொல்லித் தர்றியா? நான் எத்தனை ஏடு படிச்சவன் தெரியுமா?"

"ஏட்டை மாடு திங்குமா சாமி?"

அவ்வளவுதான், அவளைக் கொட்டிலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திட்டான்.

முதல் நாள், பனியோட புல்லை அறுத்து மலை மாதிரிக் குவிச்சானாம். குவிச்சதோட விட்டானா? வெயில் படக்கூடாதுன்னு மேலே பட்டுத்துணி வேற போர்த்தினான்! மத்தியானம் எடுத்தா, குவியலுக்குள்ளே கையை வைக்க முடியலே, உலைப்பானை மாதிரிக் கொதிக்குது. மாடு மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. "திமிரு!" என்றான் மந்திரி. பால் கால் பங்கு குறைஞ்சது.

ரெண்டாம் நாள், அறுத்த ஈரப்புல்லை அப்படியே மொத்தமாக் கொட்டினான். பட்டினி கிடந்த மாடு மோந்தா பார்க்கும்? அள்ளி அள்ளி முழுங்கிச்சு. மந்திரிக்கு ஒரே சந்தோசம். அப்புறம் மாடெல்லாம் படுத்து அசை போட ஆரம்பிச்சுது. மந்திரி முகம் மாறிப்போச்சு. "முன்னாலே ஒரு புல்லு இல்லே, வாய் மட்டும் ஆடுது! என்னைத்தானே கேலி பண்ணுது?" என்றானாம். நிஜமாவே கேட்டானாம், அந்தப் படிச்சவன்! சாயங்காலம் பால் பாதியாப் போச்சு.

மூணாம் நாள், மறுபடி ஈரப்புல்லு, மறுபடி மாடு முழுங்கிச்சு. "இந்தச் செவலைதான் என் மூஞ்சியைப் பார்த்தே மெல்லுது. முதல்ல இது வாயைக் கட்டுங்கடா!" என்றான். தாடையைச் சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினாங்க. கொஞ்ச நேரத்திலே செவலையோட இடப்பக்க வயிறு மத்தளமா உப்பிப்போச்சு. மூச்சு முட்டுது. கண்ணு பிதுங்குது. தொப்புன்னு விழுந்துடுச்சு.

விழுந்த சத்தம் கேட்டதும் காத்தாயி வேலியைப் பிய்ச்சுக்கிட்டு உள்ளே ஓடினா. கயிற்றை அறுத்தா, வாய்க்குக் குறுக்கே குச்சியைக் கொடுத்தா, எண்ணெயை வாயிலே ஊத்தி, வயித்தைப் பிசைஞ்சா. "எழுந்திருடி என் தங்கம்!"

"யாரைக் கேட்டு அவுத்தே?" என்று மந்திரி குனிஞ்சு கத்துறப்போ, செவலை விட்டது பாருங்க ஒரு ஏப்பம்! பச்சைப்புல்லுச் சாறோட அப்படியே அவன் மூஞ்சியிலே. அப்புறம் மெதுவா எழுந்து நின்னுச்சு. காத்தாயி அது கழுத்தைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதா.

மோருக்குப் பால் வரலையேன்னு கேட்க வந்த ராசா இதையெல்லாம் வாசல்லே நின்னு பார்த்துட்டார்.

"மகாராசா, மந்திரியார் மாட்டுக்குச் சொன்ன மாதிரி ஒரே ஒரு வேளை தானும் சாப்பிட்டுக் காட்டட்டும்" என்றா காத்தாயி.

ராசாவுக்கு அன்னைக்குத்தான் புத்தி வந்துச்சு. ஒரு மரக்கால் சோறு வந்தது. மெல்லக்கூடாது, முழுங்கணும். முழுங்கினதும் வாயிலே கயிறு. மந்திரி "ம்ம்... ம்ம்..."னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருண்டான்.

"வாயை அசைக்காதேய்யா, என்னைக் கேலி பண்ணுறதா ஆயிடும்" என்றாராம் ராசா.

அடிமாட்டுப் பேச்சு அன்னைக்கோட போச்சு. அப்புறம் கயிற்றை அவுத்து, மந்திரி பதவியைப் பிடுங்கி, கையிலே அரிவாளைக் கொடுத்தாங்க. மழை நாள்லே மாடு கொட்டில்ல நின்னா, ஒரு நாளைக்கு மூணு தடவை அவன் புல்லறுத்து மெல்லிசாப் பரப்பணும். காத்தாயி இடுப்பிலே கையை வைச்சுக்கிட்டு நின்னு பார்ப்பா. மாடு தின்னுட்டுப் படுத்து, அவனையே பார்த்து அசை போடும். இப்போ அது நிஜமாவே கேலிதான் பண்ணுச்சோ என்னவோ, யாரு கண்டா?

செவலை மடி நிறைஞ்சுது, காத்தாயி மனசு குளிர்ந்துது. தெரியாததைத் தெரிஞ்சதாச் சொல்றவன் வாயிலேதான் கயிறு போடணும், மாட்டு வாயிலே இல்லே. கதையும் முடிஞ்சுது, கொட்டில் கதவையும் திறந்து விட்டாச்சு.