அழித்த சொல் வந்த வழி

ஆவுடையப்பனுக்குத் தலை முழுக்க நரை. அவருடைய குரு மங்கையர்க்கரசிக்கு ஒரு முடிகூட வெளுக்கவில்லை. மலையடிவாரத்து மடத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. ஆவுடையப்பன் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஆனால் அன்று அந்தியில் அவர் முகம் பேயறைந்தது போலிருந்தது.

“அம்மா, அழிச்சது திரும்பி வருமா?”

“எதை அழிச்சீங்க?”

“தம்பியை. பிரேசிலுக்குப் போய் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கிட்டான். இனிமே வாசப்படி மிதிக்காதேன்னு சொல்லிட்டேன். அவன் போட்டோ, நம்பர், பேசி அனுப்பினது, எல்லாத்தையும் போன்லேருந்து டெலீட் பண்ணினேன். போன வருஷம் செத்துப் போனான்.” குரல் இறங்கியது. “இப்ப சாயங்காலமானா இந்த மடத்து வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம் அவன் விசில் கேக்குது. சின்ன வயசுல, கதவைத் திறன்னு எனக்கு அடிப்பானே, அதே விசில்.”

குரு முன்பு கோவாவில் போர்த்துகீசியம் கற்பித்தவர். பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கே போய்த்தான் நிற்கும்.

“லத்தீன்ல அழிக்கிறதுக்கு ஒரு சொல் இருந்துச்சு. லத்தீனோட மகதான் போர்த்துகீசியம். மக வீட்டுல அந்தச் சொல் புழக்கமில்லாம மங்கிப்போச்சு. யாரும் தேடலை. இங்கிலீஷ்காரங்க அதை எடுத்து டெலீட்னு வச்சுக்கிட்டாங்க. ரொம்பக் காலம் கழிச்சு, கம்ப்யூட்டரோட அது பிரேசில்ல வந்து இறங்குச்சு. அங்க டெலெட்டார்னு பேரு. யாரோ அசலூர் ஆளுன்னு சிலர் முகம் சுளிச்சாங்க.”

“சொந்த வீட்டுக்காரங்களேவா?”

“அவங்களேதான்.”

“அழிக்கிற சொல்லேவா திரும்பி வந்துச்சு?”

வெளியே விசில் கேட்டது. குருவும் தலையைத் திருப்பினார்.

“போய்த் திறங்க.”

“பயமா இருக்கும்மா.”

“எனக்கும்தான். வாங்க, சேர்ந்தே போவோம்.”

கதவுக்கு அப்பால் முதுகில் பையோடு ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். நடுவில் குழி விழுந்த மோவாய், அச்சு அசலாகத் தம்பியுடையது. புரியாத மொழியில் ஏதோ சொன்னாள்.

“உங்க தம்பி மகளாம்,” என்றார் குரு.

ஆவுடையப்பனுக்குப் போன உயிர் திரும்பியது. கண் கலங்கிவிட்டது. “இத்தனை நாளா விசிலடிச்சது நீதானாம்மா?”

குரு அதை அவளிடம் கேட்டார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, இருட்டிக்கொண்டு வந்த பாதையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இவ இன்னைக்குத்தான் ஊருக்கே வந்திருக்கா. இவளுக்கு விசிலடிக்கத் தெரியாதாம். வழி தெரியாம நின்னவளை, ஒரு விசில்தான் இங்க வரைக்கும் கூட்டிட்டு வந்துச்சாம்.”