முரசடி விழுந்த சொல்

காவிநாட்டில் மொத்தம் மூன்றே முரசுகள். மேலவீதி முரசு பெருவணிகர் அம்பலத்தாடியுடையது. கீழவீதி முரசு தலைமை அதிகாரி வீரபாகுவின் குடும்பச் சொத்து. மூன்றாவது அரண்மனை முரசு. நாட்டில் எது நடந்தாலும் இவை சொன்னால்தான் ஊருக்குத் தெரியும்.

மன்னர் மருதவேலர் ஒரு புதுச் சட்டம் போட்டார். எழுதிக் கொடுத்தவர் அமைச்சர் சட்டைநாதர்: 'கையூட்டு கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் பத்துக் கசையடி.'

மறுநாளே ஊர் இரண்டுபட்டது. "வாங்குகிறவனுக்குத்தான் அடி" என்றது மேலவீதி. "கொடுக்கிறவனுக்குத்தான்" என்று கீழவீதி சத்தியம் செய்தது.

முரசறைவோரை விசாரித்தார்கள். "ஒரு சொல்லையும் விடவில்லை அரசே! மூச்சு வாங்கும் இடத்தில் முரசை அடித்தோம், அவ்வளவுதான்."

வணிகரின் ஆளுக்குக் 'கொடுப்பவருக்கும்' என்ற இடத்தில் மூச்சு வாங்கியிருக்கிறது. அதிகாரியின் ஆளுக்கு 'வாங்குபவருக்கும்' என்ற இடத்தில். அடித்த அடியில் அந்தச் சொல் யார் காதிலும் விழவில்லை. எஜமானின் தேவை அறிந்து வாங்கிய மூச்சு!

"சட்டைநாதரே, முரசுகளைப் பிடுங்க மாட்டேன். அது என் பாட்டனார் செப்பேட்டில் கொடுத்த உரிமை" என்றார் மன்னர். "ஆனால் நாளைக்குள் சட்டம் முழுசாக எல்லார் காதிலும் விழ வேண்டும். இல்லையென்றால் பதவியை விட்டுக் கிளம்பும்."

சட்டைநாதர் ஓலையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஒரு யோசனை தோன்றிச் சிரிப்பும் வந்துவிட்டது. சட்டத்தில் முன்னும் பின்னும் கொஞ்சம் சேர்த்தார்.

மறுநாள் சந்தைத் திடலில் முரசுகள் கூடின. புதிய ஓலை இது: 'அரசர் முதல் ஆண்டி வரை, கையூட்டு கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் பத்துக் கசையடி. எந்தச் சொல்மேல் முரசடி விழுகிறதோ, அந்தச் சொல் அந்த முரசின் சொந்தக்காரரையே குறிக்கும்.'

வணிகரின் ஆளும் அதிகாரியின் ஆளும் முரசுக்கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் படித்தார்கள்.

மன்னருக்குப் பெருமை தாங்கவில்லை. "இனி என் முரசைக் கேளும். நேர்மை என்றால் அதுதான்!"

அரண்மனை முரசுக்கு ஒரு பரம்பரை வழக்கம் உண்டு. 'அரசர்' என்ற சொல் வந்தால் மரியாதைக்கு மூன்று அடி. டம்! டம்! டம்! கூட்டத்துக்கு 'அரசர்' கேட்கவில்லை, 'ஆண்டி' மட்டும்தான் கேட்டது.

மன்னர் முகம் சுண்டிப்போனது. "நான் எப்போதய்யா கையூட்டு வாங்கினேன்?"

"வாங்கவில்லை அரசே. ஆனாலும் முரசும் உங்களுடையது, மறைந்த சொல்லும் உங்களுடையது. சட்டம் சரியாகத்தான் சொல்கிறது!" என்றார் சட்டைநாதர்.

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். முரசுக்கோலைத் தாமே பிடுங்கி வைத்துக்கொண்டு மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். "இந்தாரும், பரிசு! இதையும் மூன்று முரசிலும் சொல்லச் சொல்கிறேன்."

சட்டைநாதர் பதறிக் கையெடுத்துக் கும்பிட்டார். "வேண்டாம் அரசே! 'பரிசு' என்ற இடத்தில் யாருக்காவது மூச்சு வாங்கிவிட்டால், சட்டைநாதன் முத்துமாலை வாங்கினான் என்றுதான் ஊருக்குக் கேட்கும்!"