இல்லாத ஊருக்கு ஒரு குலுக்கல்

இந்தப் புதிருக்குப் பரிசு எதுவும் இல்லை. விடை சொன்ன பிறகு மனம் அடங்கினால் நீங்கள் பாக்கியசாலி. எனக்கு இன்னும் அடங்கவில்லை. கொஞ்சம் காதைக் கொடுங்கள்.

கடலூர்ப் பக்கம் சோழிக்குப்பம் என்றொரு மீனவர் ஊர். அந்த ஊரைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. அங்கே தமயந்தி என்கிற பெண் வந்து தங்கினாள். மானிடவியல் படிப்பவள். அந்தப் படிப்புக்காரர்கள் வெகுகாலம் மனிதர்களிடம் பழசையே கேட்டார்கள்: உன் பாட்டன் எப்படிக் கும்பிட்டான், செத்தவர்களை எப்படிப் புதைத்தான் என்று. தமயந்திக்கு அது சலித்துவிட்டது. நாளையைப் பற்றி மனிதர்கள் என்ன நினைக்கிறார்கள், எதை நம்பிக் காத்திருக்கிறார்கள் என்று எழுதப் போகிறேன் எனக் கிளம்பிவிட்டாள். நல்ல எண்ணம்தான். வினையும் அதிலேதான் இருந்தது.

வீடு வீடாகப் போய் ஒரே கேள்வி கேட்டாள்: "கடல் வராத இடத்துல புது ஊர் அமைஞ்சா, உங்க வீடு எப்படி இருக்கணும்?" அவளுக்கு அது கற்பனைக் கேள்வி. குப்பத்தாருக்கு அப்படியா? பெரிய அலை வந்து போன காலத்தில் இப்படித்தான் வீட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அவர்கள் பின்னாலேயே வீடும் வந்தது. கேள்வி வந்துவிட்டது, இனி வீடு வரும் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. 'இது என் படிப்புக்காக' என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

அந்த ஊரில் படகு ஏற்றி வைக்கும் இடத்தைக் குலுக்கிப் போட்டுத்தான் பிரிப்பார்கள். கிளிஞ்சலில் ஆளுக்கொரு அடையாளம் போட்டுக் குடத்தில் குலுக்குவார்கள். விழுந்த இடத்தை யாரும் மறுக்கக்கூடாது. அதே வழக்கப்படி, ரோட்டுக்கு மேற்கே கிடந்த புறம்போக்குக் காட்டை மனைமனையாகக் குலுக்கிவிட்டார்கள், ஐயா! பட்டா இல்லை, உத்தரவு இல்லை, அங்கே ஊரே இல்லை. வலைத் தகராறில் இரண்டு கட்சியாகப் பிரிந்து முகம் பார்க்காமல் கிடந்தவர்களும் ஒன்றாக உட்கார்ந்து, பக்கத்து மனைக்காரனைக் கேலி பேசிச் சிரித்தார்கள்.

பவுனம்மாளுக்கு ரோட்டோர மனை விழுந்தது. கணவன் விட்டுப் போனவள், இரண்டு பிள்ளைகள். கடலுக்கு முதல் வீடு அவளுடையது. எந்த நேரமும் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். காசிமேட்டில் இருக்கும் அண்ணன் ஓர் அறையும் வேலையும் பார்த்து வைத்து, கிளம்பி வா என்று போன் செய்தான். "வேணாண்ணே. எனக்கு இங்கியே மனை விழுந்துடுச்சி," என்று சொல்லிவிட்டாள்.

அதை அவளே சந்தோஷமாக வந்து சொன்னபோது தமயந்திக்கு விபரீதம் புரிந்தது. நேரே ஊர்த்தலைவர் அஞ்சாப்புலி நாட்டாரிடம் ஓடினாள். "நாட்டாரே, நான் அரசாங்க ஆள் இல்லை. எந்த வீடும் வரப் போறதில்லை."

நாட்டார் பின்னிக்கொண்டிருந்த வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்மா. தாலுகா ஆபீசுல அப்பவே கேட்டுட்டேன். அப்படி ஒண்ணுமில்லன்னுட்டாங்க."

"தெரிஞ்சுமா குலுக்கல் நடத்துனீங்க?"

"ஊரு ஒண்ணா உக்காந்து எத்தனை காலமாச்சி! இதே மொகத்தோட எல்லாரையும் கலெக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். ஒண்ணா போய் நின்னா குடுப்பாங்க. அதுவரைக்கும் வாயைத் தொறக்காதம்மா."

"அப்ப பவுனம்மா?"

"அவ ஒருத்தி. இது ஊரு," என்றார் நாட்டார்.

தமயந்தி கரையில் மேலும் கீழும் நடந்தாள். சொன்னால் நாட்டார் சேர்த்ததெல்லாம் சிதறும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள்? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். ஒரு நாள் பட்டப்பகலில் கடல் சீறி வந்து பவுனம்மாளின் அடுப்படியை வாரிக்கொண்டு போயிற்று. சின்னவன் அப்போதுதான் அங்கிருந்து வெளியே ஓடியிருந்தான்.

அன்று சாயங்காலமே தமயந்தி ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றாள். "நான் கேட்டது வெறும் கேள்விதான். வீடு தர்றதா யாரும் சொல்லலை. நீங்க தப்பா நினைச்சது தெரிஞ்சும் நாள் கடத்திட்டேன். மன்னிச்சிடுங்க."

"எங்க ஆசையக் கிண்டிப் பாத்துட்டுப் போவ வந்தியா?" என்று ஒருத்தி கத்தினாள். இரண்டு கட்சியும் பழையபடி தனித்தனியே எழுந்து போயின. "பாத்தியாம்மா?" என்றார் நாட்டார்.

பவுனம்மாள் மட்டும் கிட்டே வந்தாள். அண்ணன் பார்த்த அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, கிளம்பிவிடு என்று தமயந்தி கெஞ்சினாள். "அங்க அண்ணி மொகத்தப் பாத்து சோறு திங்கணும். நீ கேட்டப்பதான் எனக்குன்னு ஒரு வாசல நெனச்சிப் பாத்தேன். நெனச்சது நெனச்சதுதான்," என்றாள் பவுனம்மாள். இடிந்த அடுப்படியில் மிச்சமிருந்த கழிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டோர மனைக்குப் போய்க் குழி தோண்டினாள். மறுநாள் பக்கத்து மனைகள் விழுந்த இரண்டு குடும்பங்களும் கழியோடு வந்து சேர்ந்தன, கட்சிக்கு ஒன்று.

விஷயம் தெரிந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். "யார் சொல்லி இங்க கொட்டகை போட்டீங்க?" என்று அதட்டினார். நாட்டார் வாயைத் திறந்தார். தமயந்தியும் திறந்தாள். அதற்குள் பவுனம்மாள், "யாரும் சொல்லல சார். நானாத்தான் போட்டேன்," என்று சொல்லிவிட்டாள்.

ஊரைச் சேர்த்து வைக்க நாட்டார் மறைத்தார். ஊரின் நம்பிக்கை உடைந்தாலும் உடையட்டும் என்று தமயந்தி உண்மையைச் சொன்னாள். உண்மை தெரிந்தும் பவுனம்மாள் கழி நட்டாள். இப்போது சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

தமயந்தி என்பீர்கள். சொன்னது சரிதான், அடுப்படி போகும்வரை காத்திருந்தாளே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. நாட்டார் கெட்டவர் இல்லை, ஆனால் ஊருக்காக அவர் பணயம் வைத்தது அடுத்தவள் பிள்ளைகளை. என் விடை பவுனம்மாள். யாரோ தருவார்கள் என்று இருந்தவரை அவளும் ஏமாந்தவள்தான். ஒன்றும் வராது என்று காதாரக் கேட்ட பிறகு நட்ட கழி அவளுடையது. தமயந்தி சொல்லாமல் இருந்திருந்தால் அதுவும் நடந்திருக்காது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். கொட்டகை நிலைத்ததா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் அதிகாரி போனார். அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் இரண்டும் காலில் தண்ணீர் படாமல் தூங்கின.