எறும்பு ஏன் தலை முட்டிப் போகிறது

அந்தக் காலத்தில் யானைக்கும் எறும்புக்கும் பேச்சுவார்த்தை உண்டு. ஆனால் எறும்பின் தலை எம்மாத்திரம்! "ஆம்", "இல்லை" இரண்டில் ஒன்றுதான் அதில் தங்கும். இன்று நாம் பிட் என்பது அந்த அளவைத்தான்.

ஒரு கடுங்கோடையில் வேழம்மை என்ற யானை கால் சுளுக்கி விழுந்தாள். சுனைக்குப் போகும் வழி அவளுக்கு மட்டுமே தெரியும். குட்டியோ இலை தேடிப் போயிருந்தது. அது திரும்புவதற்குள் தாகத்தில் குரல் அடைத்துவிடும் போலிருந்தது.

"எம் புள்ளைக்கு இந்த வழியை யாராச்சும் சொல்லுங்களேன்" என்று அழுதாள்.

பொடிச்சி என்ற எறும்புக்கு மனசு கேட்கவில்லை. "சொல்லுங்கம்மா, நாங்க வச்சிருக்கோம்."

"ஒரு எழுத்துக்கே உன் தலை பத்தாதேடி!"

"எனக்குப் பத்தாதுதான். கூட ஒருத்தி நின்னா ரெண்டு விதம் நாலாகும். மூணு பேருன்னா எட்டு. எட்டுப் பேருன்னா இருநூத்தம்பத்தாறு. ஒரு எழுத்துக்கு அது போதும்மா."

நம் பைட் அந்த எட்டுப் பேர்தான். உணர்கொம்பை உயர்த்தினால் ஆம், தாழ்த்தினால் இல்லை. வேழம்மை சொல்லச் சொல்ல எழுத்துகள் எட்டு, பதினாறு என்று இரட்டித்தே பெருகியதால், வரிசை ஆயிரத்தில் நிற்காமல் ஆயிரத்து இருபத்துநான்கில் போய் நின்றது. எழுத்துக்கு எட்டுப் பேராக எண்ணாயிரத்துச் சொச்சம் எறும்புகள், ஒரு கிலோபைட். வழி சொல்லி முடிந்தது. வேழம்மையின் குரலும் அதோடு அடைத்துவிட்டது.

குட்டி வந்ததும் பொடிச்சி அதன் காதில் ஏறி வரிசையைப் படித்தாள். பாதிவரை வழி இருந்தது. பிறகு வெறும் உளறல்! தேன்சொட்டைக் கண்ட ஒருத்தி நழுவியிருந்தாள். இடைவெளி பொறுக்காத மற்ற எறும்புகள், வழக்கம்போல் நெருங்கி நின்று இடத்தை அடைத்துவிட்டன. பின்னால் இருந்த எழுத்தெல்லாம் ஓரிடம் நகர்ந்து குலைந்துவிட்டது.

பொடிச்சிக்கு உயிரே போயிற்று. இறங்கி ஓடி, ஒவ்வொருத்தியின் தலையையும் முட்டி, "உனக்கு முன்னால இவதானா நின்னா?" என்று கேட்டாள்.

"இல்லையே, சிவத்தி நின்னா" என்றாள் ஒருத்தி.

தேன் நக்கிக்கொண்டிருந்த சிவத்தியை இழுத்து வந்து நிறுத்தினாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு "ஆம்". வழி மறுபடி பேசியது. குட்டி ஓடிப் போய்த் தும்பிக்கை நிறைய நீரோடு திரும்பியது. தாய் கண் திறந்தாள்.

கால் தேறியதும் வேழம்மை, தான் கண்ட காட்டையெல்லாம் சொல்லத் தொடங்கினாள். முதல் வரிசையைப் போல ஆயிரத்து இருபத்துநான்கு வரிசைகள் நிறைந்தன, அது மெகாபைட். அதைப் போலவும் ஆயிரத்து இருபத்துநான்கு பங்கு சேர்ந்தபோது மலையே கறுத்துவிட்டது, அது ஜிகாபைட். பொடிச்சி உச்சியில் ஏறிப் பார்த்தாள். எண்ணூற்றைம்பத்தெட்டுக் கோடிச் சொச்சம் தலைகள்! ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சொல். வேழம்மையோ இன்னும் தன் குட்டிப் பருவத்தையே தாண்டவில்லை.

அத்தனை கோடியிலும் பொடிச்சியின் கண் தேடியது சிவத்தி ஒருத்தியைத்தான். அன்று முதல்தான் எறும்புகள் எதிரெதிரே வந்தால், எவ்வளவு அவசரமானாலும் நின்று தலை முட்டி, "உன்னுடையது பத்திரமா?" என்று கேட்டுவிட்டுப் போகின்றன.